23-இல் இருக்கும் அந்த 2 எத்தனை?

இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் 23 புளியங்கொட்டைகளை எண்ணி வைத்து, எண்ணிக்கையைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். 3-ஐத் தொட்டு 'இது எந்தக் கொட்டை?' என்றால் மூன்றைத் தள்ளிக் காட்டும். 2-ஐத் தொட்டுக் கேட்டால் இன்னும் இரண்டை மட்டும் தள்ளிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகள் நிறைய. மிச்சம் 18 கொட்டைகள் கேட்பாரற்றுக் கிடக்கும். இத்தனைக்கும் அதே பிள்ளை 'பத்துகள், ஒன்றுகள்' கட்டத்தில் 2, 3 என்று சரியாக நிரப்பி முழு மதிப்பெண் வாங்கியிருக்கும்.

அந்தக் கட்டத்தை நம்புவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. இலக்கங்களை வரிசையாகப் பார்த்து எழுதினாலே விடை வந்துவிடும், யோசிக்கவே வேண்டாம். '3 ஒன்றுகள், 5 பத்துகள், மொத்தம் எத்தனை?' என்று வரிசையை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். 35 என்று பதில் வந்தால் பிள்ளைக்குக் கட்டம்தான் தெரியும், இடமதிப்பு (இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் மதிப்பு மாறுவது, 23-இல் 2 என்றால் இருபது) இன்னும் தெரியாது.

அடுத்த தவறு, ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக நாமே கட்டி, தயாராகக் கொண்டுபோய்க் கொடுப்பது. பிள்ளையே எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டு, சந்தேகம் வந்தால் அவிழ்த்து மறுபடி எண்ண வேண்டும், நேரம் ஆகத்தான் செய்யும். பத்து குச்சியும் ஒரு கட்டும் ஒன்றுதான் என்பது அந்தக் கை வேலையில்தான் பிடிபடும். மணிச்சட்டமும் 10 ரூபாய் நோட்டும் அதற்கப்புறம் வரட்டும், ஏனென்றால் நோட்டைக் கிழித்தாலும் உள்ளே பத்து ஒரு ரூபாய் இருக்காது!

கழித்தலில் 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்போம். வாங்கியது 1, வந்தது எப்படி 10 ஆனது? கடனை எப்போது திருப்பிக் கொடுப்பது? பிள்ளை கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. 52-இல் 27 போக வேண்டும் என்றால் ஐந்து கட்டில் ஒன்றை அவிழ்க்கச் சொல்லுங்கள், 4 கட்டும் 12 குச்சியும் கண் முன்னால் இருக்கும், அதில் 2 கட்டையும் 7 குச்சியையும் எடுத்தால் முடிந்தது.

'பூஜ்ஜியத்துக்கு மதிப்பே இல்லை' என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, 205-ஐ 25 என்று எழுதினால் திட்டுவது நியாயமில்லை.

நூற்று ஐந்தை 1005 என்று எழுதினாலும் திட்டாதீர்கள். காதில் விழுந்தபடி நூறையும் ஐந்தையும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். பழைய தமிழ் எண்களில் ௱ என்றால் நூறு, ௫ என்றால் ஐந்து, 105-ஐ ௱௫ என்றே எழுதினார்கள். 100 என்று ஓர் அட்டை, 5 என்று ஒரு சின்ன அட்டை வெட்டி, சின்னதைக் கடைசிப் பூஜ்ஜியத்தின் மேல் வைத்துக் காட்டினால் போதும்.

தமிழில் இன்னொரு வம்பும் உண்டு. தொண்ணூறு என்ற சொல்லின் வாலில் நூறு இருக்கிறது, தொள்ளாயிரத்தின் வாலில் ஆயிரம். இந்த இடத்தில் மட்டும் அவசரப்படாமல் ஒன்பது கட்டுகளைக் கையில் கொடுத்து 'இதுதான் தொண்ணூறு' என்று சொல்லுங்கள், நூறு ஆக இன்னும் எத்தனை கட்டு வேண்டும் என்று பிள்ளையே சொல்லட்டும்.