தனியாளிடம் வாங்கிய வான் வண்டியில் பழுது வந்தால் என்ன செய்யலாம்

உப்புவெளியில் அத்தான் சுற்றுலா ஓட்டத்துக்காக ஒரு பழைய வான் எடுத்தார். விற்றவர் வியாபாரி இல்லை, சொந்தப் பாவனைக்கு வைத்திருந்தவர். "எக்சிடன்ட் இல்லை, துரு இல்லை, நம்பி எடுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். மூன்றாவது கிழமை கராஜில் தூக்கிப் பார்த்தால், புதிதாக அடித்த கறுப்பு அண்டர்கோட்டுக்குக் கீழே சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், அரித்துப்போய், ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறது. கடற்காற்றில் நின்ற வண்டிக்கு இது வராத வருத்தம் இல்லை, ஆனால் அவர் இல்லை என்றல்லவா சொன்னார். போன் எடுத்துக் கேட்டால், "பார்த்துத்தானே எடுத்தீங்க" என்ற பதில். அந்த ஒரு வசனத்தோடு எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள், அது பாதிதான் உண்மை.

இலங்கையில் பொருள் விற்பனைக்கு இன்றைக்கும் இருப்பது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன்படி, கேட்காமலே தரத்துக்குப் பொறுப்பு ஏற்க வேண்டியவர் அந்தப் பொருளை வியாபாரமாக விற்கிறவர்தான். தனியாள் வாயை மூடிக்கொண்டு விற்றால், பழுதைப் பார்த்து எடுப்பது நம் பாடு. ஆனால் அவர் வாய் திறந்து ஒன்றைச் சொல்லி, அதை நம்பி நாம் வாங்கியிருந்தால், அந்தச் சொல்லுக்கு அவர் பொறுப்பு. விளம்பரத்தில் 2012 என்று போட்டுவிட்டு 2009 வண்டியைக் கொடுத்தாலும் அப்படித்தான். ஆகவே தனியாளிடம் வாங்கும்போது உங்கள் உரிமை முழுவதும் அவர் என்ன சொன்னார், அதை உங்களால் காட்ட முடியுமா என்பதில்தான் நிற்கிறது.

அதனால் வேலை வாங்குவதற்கு முன்பே தொடங்குகிறது. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், காசு கைமாறிய அன்றைக்கே அது காணாமல் போய்விடும். கேட்க வேண்டியதை வட்ஸ்அப்பில் கேளுங்கள்: அடிபட்டதா, வெள்ளத்தில் நின்றதா, மீட்டர் உண்மையானதா, லீசிங் கடன் கட்டி முடிந்ததா. பார்க்கப் போகும்போது ஒரு காந்தம் கொண்டு போங்கள், பட்டி போட்டு மூடிய இடத்தில் அது ஒட்டாது. ஒப்பந்தக் கடதாசியில் சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், மீட்டர் கணக்கு, கொடுத்த முழுத் தொகை, அவர் சொன்ன உறுதிகள் எல்லாம் எழுதி, அடையாள அட்டைப் பிரதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, நம் ஆட்கள் சிங்களத்தில் அச்சடித்த படிவத்தை வாசிக்காமலே ஒப்பமிடுகிறார்கள். "இருக்கும் நிலையிலேயே ஏற்றுக்கொண்டேன்" என்று அதில் இருக்கலாம். வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பமிடுங்கள்.

சரி, வாங்கியாயிற்று, பழுதும் வந்துவிட்டது. முதலில் திருத்தக் கொடுக்காதீர்கள். திருத்திய பிறகு காட்ட எதுவும் இருக்காது. படம், வீடியோ எடுத்து, கராஜ்காரரிடம் திகதி போட்டு ஒப்பமிட்ட அறிக்கை வாங்குங்கள். அதில் திருத்தச் செலவை விட முக்கியம், இந்தப் பழுது வாங்கிய அன்றே இருந்திருக்க வேண்டும் என்பதும் அதற்கான காரணமும். மூன்று கிழமையில் சேசிஸ் அப்படி அரிக்காது என்று அவர் எழுதிக் கொடுத்தால் அது பெரிய பலம். அப்புறம் விற்றவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம்: நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், வண்டி இப்படி இருக்கிறது, இவ்வளவு தர வேண்டும், 14 நாள் தவணை. கோபத்தில் ஒரு வரிகூட எழுதாதீர்கள், அந்தக் கடிதம் நாளைக்கு நீதிபதி கையில் போகலாம். எவ்வளவு கேட்பது? அவர் சொன்னபடி இருந்திருந்தால் வண்டிக்கு என்ன பெறுமதி, இப்போது என்ன பெறுமதி, அந்த வித்தியாசம். வண்டியையே திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்பது கடினமான வழி, தெரிந்தே ஏமாற்றினார் என்று காட்ட முடிந்தால் அந்தப் பக்கம் போகலாம்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு ஓடாதீர்கள், அதன் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வியாபாரிகள் மேல் முறையிடத்தான். ஆனால் "சொந்த வண்டி" என்று சொன்னவரின் தொலைபேசி இலக்கத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள், அதே இலக்கத்தில் நாலைந்து வாகனம் விற்பனைக்கு இருந்தால் அவர் வியாபாரிதான். அப்போது கதையே மாறிவிடும், தரத்துக்கும் அவர் பொறுப்பு, அதிகார சபைக்கும் 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம்.

தனியாள் என்றால், இரு பக்கத்தையும் கூப்பிட்டு இணக்கம் பேசி வைக்கும் மத்தியஸ்த சபை. சட்டம் வைத்திருக்கும் தொகை வரம்புக்குள் உள்ள பிணக்கு என்றால் முதலில் அங்கேதான் போக வேண்டும், அங்கே சட்டத்தரணி தேவையும் இல்லை. அத்தான் ஸ்கிரீன்ஷாட்டையும் கராஜ் அறிக்கையையும் கொண்டு போனார். விற்றவர் முதல் தவணைக்கு வரவில்லை. இரண்டாம் தவணை வந்து, திருத்தச் செலவில் பெரும் பகுதியை இரண்டு தடவையாகத் தர ஒத்துக்கொண்டார், தந்தும் முடித்தார். இணக்கம் வராவிட்டால் சபை தரும் சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம். எழுத்து ஒப்பந்தம் என்றால் 6 வருடம், வாய்ப் பேச்சு என்றால் 3 வருடம், ஏமாற்றியதற்கான நட்டஈடு என்றால் 2 வருடம்தான் காலம். ஆனால் தாமதிக்கத் தாமதிக்க, பழுது எப்போது வந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கடினம்.

லீசிங் விசயம் மட்டும் தனி. விற்க உரிமை இருக்க வேண்டும், யாருக்கும் கடனில் கட்டுப்பட்டிருக்கக் கூடாது என்பது தனியாள் வாய் திறக்காவிட்டாலும் சட்டம் அவர் மேல் வைக்கும் பொறுப்பு. பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கட்டாத கடனுக்கு அவர்கள் உங்கள் வாசலிலேயே வண்டியைத் தூக்கலாம். ஓபன் பேப்பரில், அதாவது வாங்குபவர் பெயர் எழுதாமல் பதிவு உரிமையாளர் ஒப்பமிட்டு விட்ட மாற்றப் படிவத்தில், வாங்கினால் இன்னும் சிக்கல், பதிவில் இருப்பவர் ஒருவர், காசு வாங்கியவர் இன்னொருவர். கடனை மறைத்திருந்தாலோ சேசிஸ் நம்பரைக் கை வைத்திருந்தாலோ, சபைக்குக் காத்திருக்காமல் நேரே பொலிசுக்குப் போங்கள். "இது சிவில் விசயம்" என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், ஏமாற்றியதற்கான முறைப்பாடு என்று சொல்லிப் பதியச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள்.