ஒரு சுவிட்ச் இருந்த இடத்தில் மூன்று: வாசல், சந்து, பின்கட்டு விளக்குகளுக்கு வயரிங்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, குடிவந்த எங்களைப் போன்றவர்கள் வீட்டில் வாசலுக்கு ஒரு விளக்கு, அதற்கு ஒரு சுவிட்ச், அவ்வளவுதான் இருக்கும். தீபாவளி நெருங்கும்போதுதான் பக்கத்துச் சந்தும் பின்னால் துணி துவைக்கிற இடமும் இருட்டாகக் கிடப்பது கண்ணில் படும். இதற்காகச் சுவரில் புதிதாகக் குழி வெட்ட வேண்டாம். பெட்டி போதிய ஆழம் உள்ளதாக இருந்தால், பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே பெட்டியில் திரி கேங் சுவிட்ச், அதாவது ஒரே பலகையில் மூன்று சுவிட்ச் உள்ளது, மாட்டலாம். சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் வீட்டு வயரிங் வேலை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனுடையது, 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் இருக்கின்றன. ஆகவே வயர்மேன் அண்ணனைக் கூப்பிடுங்கள். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்திருந்தால்தான் பக்கத்தில் நின்று சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க முடியும்.

வேலை தொடங்குவதே டிபி பெட்டியில்தான், வீட்டு மின்சாரம் பிரிந்து போகிற பெட்டி அது. விளக்கு சர்க்கியூட்டின் எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே விழும் சுவிட்ச்) 6 அல்லது 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும், அதை இறக்கிவிட்டு, வேறு யாரும் ஏற்றிவிடாதபடி மேலே டேப் ஒட்டிவிட வேண்டும். அப்புறம் டெஸ்டர். மின்சாரம் இருக்கிற ஓர் இடத்தில் முதலில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு சுவிட்ச் பெட்டியில் வைத்து, மறுபடியும் அந்த முதல் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டெஸ்ட் பென்னை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரும் வைப்பது நல்லது. மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதே, அது காப்பாற்றிவிடும் என்று நினைக்காதீர்கள். பல வீடுகளில் விளக்குப் பக்கம் இருப்பது 100 மில்லி ஆம்பியர், ஆளைக் காப்பாற்ற 30 வேண்டும்.

சுவிட்ச் பலகையைக் கழற்றியதும் எந்த வயரையும் பிடுங்காமல் போனில் ஒரு படம் எடுங்கள். பழைய சுவிட்சில் இரண்டு வயர் இருக்கும்: ஒன்று மின்சாரம் வருகிற லைவ், மற்றொன்று விளக்குக்குப் போகிறது. பெரும்பாலும் இரண்டுமே சிவப்பு. அதனால் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, எது எது என்று சோதித்துத் தெரிந்துகொண்டு ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் சுற்றிப் பேனாவால் எழுதிவிட வேண்டும். இன்னொன்று, சுவருக்குள் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகிற வயர்) கறுப்பாக இருக்கும் வீட்டில், புதிதாக வாங்கும் விளக்கிலிருந்து வரும் மெல்லிய வயரில் நியூட்ரல் நீலமாக இருக்கும், லைவ் பழுப்பு.

இனி முக்கியமான இடம். திரி கேங்கின் பின்புறம் ஒவ்வொரு சுவிட்சுக்கும் காம் (COM, பொது முனை) என்று ஒரு திருகும், விளக்குக்குப் போகும் வயருக்கு எல்1 என்று ஒரு திருகும் இருக்கும். வந்த லைவை முதல் காமில் விட்டு, அங்கிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் சிவப்பு வயரில் சின்னத் துண்டு வெட்டி இரண்டாவது காமுக்கு, இன்னொரு துண்டு மூன்றாவதுக்கு. பிறகு எல்1 திருகுகளில் வாசல் விளக்கின் பழைய வயரும், சந்து, பின்கட்டு விளக்குகளுக்குப் புதிதாக இழுத்த வயர்களும் தனித்தனியாக. ரப்பரைச் சீவினால் செம்பு திருகுக்கு வெளியே தெரியாத அளவுதான் சீவ வேண்டும். முனையை முறுக்கி, மெல்லியதாக இருந்தால் இரண்டாக மடித்து உள்ளே விட்டு இறுக்கிய பிறகு, ஒவ்வொன்றையும் விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். லேசாக அசைந்தாலும் மறுபடி இறுக்குங்கள், தளர்ந்த திருகுதான் பிறகு சூடாகிப் பிளாஸ்டிக்கைக் கருக்கும். எல்2 என்று இன்னொரு திருகும் உள்ள டூ-வே சுவிட்சாக இருந்தால் மூன்றிலும் எல்1 மட்டுமே, ஒன்றை எல்2வில் மாட்டினால் அந்தச் சுவிட்ச் மட்டும் மேலே தட்டினால் எரியும், கீழே தட்டினால் அணையும் என்று தலைகீழாகிவிடும்.

நியூட்ரல் சுவிட்சுக்கு வரவே கூடாது. அது நேராக விளக்குக்குப் போக வேண்டும், அதுவும் அதே சர்க்கியூட்டின் நியூட்ரலாக. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லயத்தில் நாங்கள் இருந்தபோது யாரோ நியூட்ரலைச் சுவிட்சில் மாட்டி வைத்திருந்தார்கள். அப்பா சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பல்ப் மாற்ற ஸ்டூலில் ஏறினார், ஹோல்டரில் கை பட்டதும் கீழே விழுந்தார். விளக்கு அணைந்திருந்தது, மின்சாரம் மட்டும் ஹோல்டரில் காத்துக்கொண்டிருந்தது. அன்று அம்மா கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

மூன்று எல்இடி விளக்கு, ஒன்று 12 வாட் என்றாலும் மொத்தம் 36 வாட். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் எம்சிபி 1,380 வாட் வரை தாங்கும், காத்தாடிகள் அதிலேயே ஓடினாலும் பொதுவாகக் கவலையில்லை. மழை படும் சந்துக்கு ஐபி65 (தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது என்ற குறி) என்று எழுதியிருக்கிற விளக்கு. இரும்புப் பெட்டி, இரும்பு விளக்கு இரண்டுக்கும் பச்சை எர்த் வயர் கட்டாயம்.

எல்லாம் முடிந்ததும் வயர்களை மடக்கி உள்ளே தள்ளும்போது பெட்டியின் விளிம்பில் எதுவும் நசுங்காமல் பார்த்து, பலகையைத் திருகி, எம்சிபியை ஏற்றி, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள். வாசல், சந்து, பின்கட்டு என்று பக்கத்தில் சின்னதாக ஒட்டியும் வையுங்கள், ராத்திரியில் பாட்டி எழுந்து வந்தால் தடவ வேண்டியிருக்காது.