முடியைப் பிடித்தால் கேலி, காலை நீட்டினால் சாவு: ஸ்பானிய மரபுத்தொடர்களைக் கற்கும் முறை

ஸ்பானியம் படிக்கத் தொடங்கியவர்கள் நூறு மரபுத்தொடர்களை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துபோகும். ஒன்றே ஒன்றை எடுத்து அதன் அடிவரை போவதே நல்லது என்பேன். 'தோமார் எல் பேலோ' என்பதை எடுத்துக்கொள்வோம்.

முதல் படி: சொல்லுக்குச் சொல் பொருள் எழுதுங்கள். தோமார் என்றால் எடுப்பது, பேலோ என்றால் முடி. அர்த்தம் விளங்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் காட்சி மனதில் நிற்கும்.

இரண்டாம் படி: அகராதி. 1713-இல் தொடங்கிய ஸ்பானிய அரச அகாதமியின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தோமார் என்ற வினைச்சொல்லில் தேடினால் திக்குமுக்காடிப் போவீர்கள். பெயர்ச்சொல்லான பேலோவில் தேடுங்கள். தொடர்கள் அங்கே வரிசையாக இருக்கும்.

மூன்றாம் படிதான் முக்கியம்: யார், யாரிடம், எப்போது சொல்கிறார்கள்? லாட்டரியில் கோடி விழுந்துவிட்டது என்று நண்பன் கதை விடுகிறான். 'மே எஸ்தாஸ் தோமாந்தோ எல் பேலோ!' என்கிறீர்கள். ஆங்கிலேயர் இதையே 'யூ ஆர் புல்லிங் மை லெக்' என்பார். நாம் 'என் காதிலேயே பூச்சுற்றுகிறாயா?' என்போம். முடி, கால், காது! ஆங்கிலத்தில் 'மை லெக்', அதாவது 'என் கால்'. ஸ்பானியத்தில் 'என் முடி' என்று சொல்வதில்லை. வெறும் 'எல் பேலோ'தான். யாருடைய முடி என்பதை முன்னால் நிற்கும் 'மே' சொல்லிவிடுகிறது. அதை 'லே' என்று மாற்றினால், கேலிக்கு ஆளாவது வேறொருவர்.

நான்காம் படி: ஆங்கில இணையைத் தேடும்போது காட்சியை நம்பாதீர்கள், சூழலை நம்புங்கள். 'எஸ்திரார் லா பாத்தா' என்றால் காலை நீட்டுவது. ஆங்கிலேயர் காலை இழுப்பதும் இதுவும் ஒன்றென்று தோன்றும். ஆனால் இதன் பொருள் சாவது! ஆங்கிலத்தில் 'கிக் த பக்கெட்', தமிழில் மண்டையைப் போடுவது. துக்க வீட்டில் வாய் தவறியும் சொல்லக் கூடாது. பாத்தா என்பது விலங்கின் கால், மேசைக்கால்; மனிதனின் கால் பியெர்னா. அந்த இளக்காரம் சொல்லிலேயே இருக்கிறது.

அதே பாத்தாவை உள்ளே விட்டால் 'மேத்தேர் லா பாத்தா'. கர்ப்பமாக இல்லாத பெண்ணிடம் 'பிரசவம் எப்போது?' என்று கேட்டுவிட்டு 'மேத்தீ லா பாத்தா' என்று நொந்துகொள்ளலாம். இங்கே மட்டும் ஆங்கிலமும் 'புட் மை ஃபுட் இன் இட்' என்று அதே காலோடு வருகிறது.

இனி நோட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: ஸ்பானியம், நேர்ப்பொருள், சூழல், ஆங்கிலம். 'மாத்தார் தோஸ் பாஹரோஸ் தே உன் தீரோ' என்பதில் தொடங்குங்கள். ஸ்பானியர் ஒரே சூட்டில் இரண்டு பறவைகளைக் கொல்கிறார். ஆங்கிலேயர் அதே பறவைகளை ஒரு கல்லால் அடிக்கிறார். நம்மூரில் கல் அதேதான், விழுவது மாங்காய்.