உலோக ஸ்னேயர் ட்ரம்: பெடியள் விடும் பிழைகள், நான் விட்ட பிழை

போன கிழமை பரந்தனில் இருந்து ஒரு பெடியன் ஸ்னேயரை, அதாவது கீழ்த்தோலோடு வயர்ச் சுருள்கள் ஒட்டிக் கிடக்கும் ட்ரம்மை, தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, இது சரிவராது. தகரம் மாதிரிக் கத்துது. வித்துப்போட்டு மரத்தில ஒண்டு எடுக்கப்போறன்" என்றான். 14 அங்குல விட்டம், 5.5 அங்குல ஆழம், உருக்கு உடல், கொழும்பில் இருந்து பஸ்ஸில் வந்த பாவித்த சாமான். கவிழ்த்துக் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. நான் முன்பு விட்ட அதே பிழை. அதனால்தான் இதை எழுதுகிறேன். குச்சி பிடிப்பது, ஸ்டாண்டின் உயரம் எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விடுகிறேன்.

பளபளப்பைப் பார்த்து உலோகத்தை முடிவு செய்வது

குரோம் பூசினால் எல்லாம் ஒரே நிறம்தான். வாங்கப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். உடலில் ஒட்டினால் உருக்கு. ஒட்டாவிட்டால் தூக்கிப் பாருங்கள்: கை லேசாக இருந்தால் அலுமினியம், கனத்தால் பெரும்பாலும் பித்தளை. உருக்கு கூர்மையாக ஒலிக்கும், ஓசை நீண்டு நிற்கும். அலுமினியத்தின் ஓசை சீக்கிரம் அடங்கும்.

மலிவென்றால் மட்டம் என்பது

லட்விக் என்ற ட்ரம் நிறுவனம் 1960களில் மாணவர்களுக்கென்று விலை குறைத்து அக்ரோலைட் என்ற அலுமினிய ஸ்னேயரை விட்டது. அதே நிறுவனத்தின் விலை கூடிய சுப்ராஃபோனிக்கிலும் அதே அலுமினிய உடல்தான். சுப்ராஃபோனிக்குக்கு 10 லக் (தோலை இறுக்கும் போல்ட்டைப் பிடிக்க உடலில் பூட்டிய துண்டு), குரோம் பூச்சு; அக்ரோலைட்டுக்கு 8 லக், குரோம் பூச்சு இல்லை. மாணவர் ட்ரம் என்று விற்றதை இன்றும் வாசிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள்.

கீழ்த்தோலைப் பார்க்காமல் உடலைக் குறை சொல்வது

இதைத்தான் வடிவாகச் சொல்ல வேண்டும்.

என் முதல் உலோக ஸ்னேயரை வாங்கும்போதே அதன் கீழ்த்தோல் கிழிந்திருந்தது. கடையில் மேல்தோல் மட்டும்தான் இருந்தது. "எல்லாம் ஒண்டுதான் தம்பி, போடுங்கோ" என்றார் கடைக்காரர். போட்டேன். அன்றிலிருந்து மெதுவாகத் தட்டினால் வயர் பேசாது; ஓங்கி அடித்தால் மட்டும் ஒருமாதிரிக் கரகரக்கும். வயரை இறுக்கினேன். தொண்டை அடைத்தமாதிரி ஆனது. பிறகு டேப் ஒட்டினேன், துணி வைத்தேன், கொப்பி மட்டையை வெட்டி வைத்தேன். கடைசியில் உடல்தான் பழுது என்று முடிவுகட்டி, பாதி விலைக்கு விற்றுவிட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு கோயில் திருநாளில், ஐந்தாவது வரிசையில் இருந்து அதே ட்ரம்மைக் கேட்டேன். பாடகர் குழு தணிந்து பாடும் இடத்தில், குச்சி நுனி தோலில் பட்டதும் வயர் 'சிர்' என்று பதில் சொன்னது. பூசை முடிந்ததும் போய்க் கேட்டேன். வாங்கியவர் மாற்றியது கீழ்த்தோலை மட்டும்தான். ஒரேயொரு தோலின் விலைக்காக ஒரு நல்ல ட்ரம்மை இழந்தேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

காரணம் இதுதான். வழக்கமான ஒற்றை அடுக்கு மேல்தோலின் தடிப்பு ஏறக்குறைய கால் மில்லிமீற்றர். ஸ்னேயரின் கீழ்த்தோல் அதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. விரலால் அமத்தினால் கண்ணாடித்தாள்போல் நெளியும். அந்த மெல்லிய தோல் அதிர்ந்தால்தான் அதன்மேல் கிடக்கும் வயர்ச் சுருள்கள் துள்ளும். தடித்த தோலைப் போட்டால் அவை சும்மா கிடக்கும்.

இன்னொன்று. உடலின் கீழ் விளிம்பில் எதிரெதிரே இரண்டு இடத்தில் லேசான பள்ளம் இருக்கும். வயர் தோலோடு ஒட்டிக் கிடப்பதற்காக வேண்டுமென்றே செய்தது அது. நெளிந்துபோச்சு என்று நினைத்து ஒரு பெடியன் அதைத் தட்டி நிமிர்த்தக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து தொடாதீர்கள். வயரை இரு பள்ளத்துக்கும் நடுவே நேராக வைத்து, தளர்வில் தொடங்கி, மெதுவாகத் தட்டிக்கொண்டே இறுக்குங்கள். மெல்லிய தட்டுக்கும் பதில் வரும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

ரீங்காரத்தை முழுக்கக் கொல்வது

வாசிப்பவர் காதுக்கு அது பெரிதாகக் கேட்கும். கீபோர்ட்டும் கிற்றாரும் சேர்ந்தால் பத்தடி தள்ளி இருப்பவருக்குக் கேட்காது. முதலில் எதிரெதிர் போல்ட்டாக இறுக்கி, ஒவ்வொரு போல்ட்டுக்கும் அருகே தட்டி ஒரே சுருதிக்குக் கொண்டுவாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே வாசித்தால் சின்னத் துண்டு டேப் ஒன்று போதும்.

10 லக் இல்லை என்று தயங்குவது

8 போதும்.

முல்லைத்தீவுக் கரையில் உறையில்லாமல் வைப்பது

உப்புக்காற்று குரோமுக்கு அடியில் போய்விடும். துடைத்து மூடுங்கள்.

மலிவில் உண்மையிலேயே தேறாததைப் பார்க்காமல் விடுவது

வயரைப் போட்டு எடுக்கும் நெம்புகோல். அடிக்க அடிக்கத் தானாகக் கழன்று விழும் மலிவுச் சாமான்கள் உண்டு. கடையிலேயே ஐந்து நிமிடம் ஓங்கி அடித்துப் பாருங்கள். தோலை அழுத்திப் பிடிக்கும் வளையம் மெல்லிய தகடா என்று பாருங்கள். விடுவார்களானால் தோலைக் கழற்றி, விளிம்பைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்துப் பாருங்கள். அந்த இரண்டு பள்ளத்தையும் தவிர வேறெங்கும் வெளிச்சம் தெரிந்தால், எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.

பரந்தன் பெடியனின் ட்ரம்மில் இவை ஒன்றும் பழுதில்லை. கீழ்ப்பக்கத்தில் போட்டிருந்தது மேல்தோல். சரியான தோல் கொழும்பில் இருந்து வர வேண்டும். அதுவரை விற்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.