பின்சீட்டைக் கழற்றிவிட்டு மேடை போடுவது: நாமே செய்வதா, வாங்குவதா? சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் நான்கு கதவு பிக்கப் ட்ரக் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வரும். முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒரு நாய். பின்சீட்டில் மனிதர் உட்கார்ந்து வருஷமாகிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சமமாக ஒரு மேடை போட்டால் ஃப்ரிட்ஜ், அடுப்பு, தண்ணீர் கேன் எல்லாம் மழை படாமல் உள்ளேயே வரும், நாயும் காலை நீட்டிப் படுக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆஸ்டினில் இருந்து பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு முகாம் போய்வருவதுதான் காரணம். வண்டி டொயோட்டா டகோமா, டபுள் கேப் (நான்கு முழுக் கதவு வகை).

இதற்கு இரண்டு வழி. கூஸ் கியர் மாதிரி நிறுவனங்கள் மாடல் வாரியாக வெட்டித் துளை போட்ட தட்டுகளை விற்கின்றன. இல்லையென்றால் பிளைவுட் வாங்கி நாமே அறுத்துச் செய்யலாம். இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. கடைத் தட்டின் விலையைப் பார்க்கிறோம், பிளைவுட் ஷீட்டின் விலையைப் பார்க்கிறோம், "ஒரு பலகைக்கு இவ்வளவா?" என்று வாய் பிளக்கிறோம். கடைக்காரருக்கு நாம் கொடுப்பது பலகைக்கான காசு இல்லை, அளவெடுத்ததற்கான கூலி. அந்த வண்டியின் தரை எங்கே மேடு, எங்கே பள்ளம், எந்தப் போல்ட் எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்று ஒருவர் முன்கூட்டியே பார்த்துவைத்திருக்கிறார். அந்த வேலையை நாமே ஒழுங்காகச் செய்ய முடிந்தால் சொந்தமாகச் செய்வது நிச்சயம் மலிவு. முடியாவிட்டால் இரண்டு முறை பிளைவுட் வாங்குவோம். நான் வாங்கினேன்.

சீட்டைக் கழற்றிய பிறகு தெரியும் தரை ஒரு நாளும் சமமாக இருக்காது. கம்பளத்துக்கு அடியில் நடுவில் ஒரு மேடு ஓடும். பின்சுவருக்கு அருகில் தரை படிபோல ஏறும். சீட்டின் முன்கால் துளையும் பின்கால் துளையும் வேறு வேறு உயரத்தில் இருக்கும். டேப்பை நீளத்துக்கும் அகலத்துக்கும் வைத்துவிட்டு ரம்பத்தை எடுப்பவர் கண்டிப்பாக மாட்டிக்கொள்வார். கெட்டி அட்டைப்பெட்டியைப் பிரித்து, துண்டு துண்டாக வெட்டி, சுவரோடு ஒட்டி டேப் போட்டு, முழு அட்டை மேடையே ஒன்று செய்து உள்ளே வைத்துப் பாருங்கள். கதவு வழியாக அதை வெளியே எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். உள்ளேயே ஒட்டிச் செய்த அட்டை அழகாகப் பொருந்தும், ஆனால் அதே அளவில் ஒரே துண்டாக அறுத்த பலகை கதவுக்குள் நுழையாது. இரண்டு துண்டாகச் செய்வது எப்போதுமே நல்லது.

என் முதல் மேடை அளவில் கச்சிதம். மேல்தளம் ஜன்னல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, முன்பக்க விளிம்பு முன்சீட்டின் முதுகை ஒட்டி. பெருமையாக போட்டோ எல்லாம் எடுத்தேன். மறுநாள் காலை ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து வழக்கம்போல முதுகைச் சாய்த்தேன், 'டக்' என்று பலகையில் இடித்து நின்றது. அளவெடுக்கும்போது சீட்டை முன்னால் தள்ளி வைத்திருந்தேன், வேலை செய்ய வசதியாக. பிக் பெண்டுக்கு ஏழெட்டு மணி நேர ஓட்டம். செங்குத்தாக உட்கார்ந்து போனால் முதுகு என்னவாகும் என்று அந்தப் பயணத்தில் நன்றாகவே தெரிந்துகொண்டேன். அளவெடுக்கும் முன் உங்கள் வீட்டில் உயரமானவர் எப்படி ஓட்டுவாரோ அப்படி இரண்டு முன்சீட்டையும் வைத்து, அதிலிருந்து இன்னும் நான்கு விரல் இடம் விட்டு எடுங்கள். கடையில் வாங்குபவரும் இதைக் கேட்டே வாங்க வேண்டும். அப்புறம், முன்சீட்டுக்கு அடியில் இருந்து பின்னால் காற்று வரும் குழாயின் வாய் உங்கள் வண்டியில் இருந்தால், மேடையின் முன்பலகை அதை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் வெயிலில் பின்னால் படுத்திருக்கும் நாய்க்கு அந்தக் காற்றுதான் உயிர்.

இனி போல்ட் விஷயம். இதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலோ மோதி, 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல ஏறக்குறைய 16 மடங்கு விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். 45 லிட்டர் ஃப்ரிட்ஜ் வெறுமையாகவே 20 கிலோ அளவில் இருக்கும். சாமானோடு 40 கிலோ என்று வையுங்கள். அது அந்த ஒரு கணத்தில் 650 கிலோவாக முன்சீட்டின் முதுகில் வந்து இறங்கும். தொழிற்சாலையில் இருந்து வந்த பின்சீட்டும் பெல்ட்டும் இதையெல்லாம் கணக்கில் வைத்துச் சோதிக்கப்பட்டவை. நம் மேடையை யாரும் சோதிக்கவில்லை.

அதனால் மரத் திருகை வைத்துத் தரைத் தகட்டில் மேடையைப் பிடிப்பது தவறுகளிலேயே பெரிய தவறு. தகடு மெல்லியது, திருகு பிய்த்துக்கொண்டு வரும். அதைவிட, தகட்டுக்கு அடியில் பெட்ரோல் குழாயோ பிரேக் குழாயோ ஓடலாம், கம்பளத்துக்கு அடியில் ஒயர் கட்டு ஓடலாம். எங்கே போகிறது என்று தெரியாமல் துளை போடுவது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான். சீட்டைப் பிடித்திருந்த அதே துளைகளை மட்டுமே பயன்படுத்துங்கள். சுமை தாங்கத்தான் அவற்றை அங்கே வைத்திருக்கிறார்கள்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சீட்டின் கால் மெல்லிய இரும்பு. அதே இடத்தில் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை வைத்துப் பழைய போல்ட்டைப் போட்டால் மரை பிடிக்கும் நீளம் குறைந்துவிடும். மரை குறைந்தபட்சம் போல்ட்டின் விட்டம் அளவுக்காவது உள்ளே போயிருக்க வேண்டும், அதாவது 10 மில்லிமீட்டர் போல்ட் என்றால் 10 மில்லிமீட்டர். சரி, நீளமான போல்ட் வாங்கிவிடலாம் என்றால் அதற்கும் அதே மரை இடைவெளி, தலையில் அதே தர எண் (போல்ட்டின் வலிமையைச் சொல்லும் எண்) இருக்க வேண்டும். அதோடு போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் நடுவில் மரம் இருக்கவே கூடாது. மரம் நாளாக நாளாக அமுங்கும், போல்ட் தானாகத் தளரும். தரையில் இரும்புப் பட்டையோ கோணச்சட்டமோ இறக்கி அதை வண்டியின் போல்ட்டில் முறுக்குங்கள். பலகையை அந்தச் சட்டத்தில் பெரிய வாஷர் போட்டு ஊடுருவும் போல்ட்டால் பிடியுங்கள். கடைத் தட்டு வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: இது எந்தப் போல்ட்டில் உட்காருகிறது, நடுவில் என்ன இருக்கிறது?

நல்ல தட்டை வாங்கிவிட்டு, அதன்மேல் ஃப்ரிட்ஜை மெல்லிய இலாஸ்டிக் கயிற்றால் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை. கட்டும் வளையம் பலகையை மட்டும் பிடித்திருக்கக் கூடாது, அடியில் இருக்கும் சட்டத்தையும் பிடித்திருக்க வேண்டும்.

சீட்டோடு சேர்ந்து காணாமல் போகும் விஷயங்களும் உண்டு. என் டகோமாவில் ஜாக்கி இருப்பது பின்சீட்டின் முதுகுக்குப் பின்னால். பல பிக்கப்களில் அங்கேயோ சீட்டுக்கு அடியிலோதான் இருக்கும். ஓல்ட் மேவரிக் ரோடு என்று பிக் பெண்டில் ஒரு மண்சாலை, சாண்டா எலெனா கேன்யன் பக்கம் போவது, வழி முழுக்கச் சலவைப்பலகை மாதிரி அலை அலையாக இருக்கும். அங்கே டயர் பஞ்சரான பிறகு, முழுச் சாமானையும் இறக்கி மேடையைக் கழற்றினால்தான் ஜாக்கியை எடுக்க முடியும் என்று கண்டுபிடிப்பது நன்றாக இருக்காது. மேடையில் ஒரு கதவு வையுங்கள், அல்லது ஜாக்கியை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

ஹைப்ரிட் வண்டிக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2024 முதல் வரும் புதிய தலைமுறை டகோமாவின் ஹைப்ரிட் வகையிலும், டண்ட்ரா ஹைப்ரிட்டிலும் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அதற்குக் காற்று போய்வர வழியும் வேண்டும். பழைய டகோமாவுக்கான வரைபடத்தைப் பார்த்து அங்கே கை வைத்தால் பலகை பொருந்தாதது சின்ன பிரச்சினை, உயர் மின்னழுத்த ஒயர் பெரிய பிரச்சினை. இந்த வண்டிகளுக்கு என் கருத்து, அந்த மாடலுக்கென்றே செய்ததை வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஃபோர்டு எஃப்-150 பவர்பூஸ்ட்டில் பேட்டரி கேபினுக்கு வெளியே, வண்டிக்கு அடியில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

கூரை ஓரத்தில் திரை ஏர்பேக் இருக்கும் வண்டியில் பெட்டிகளை ஜன்னல் உயரத்துக்கு மேல் அடுக்காதீர்கள். அது விரிந்து இறங்கும் பாதை அதுதான். சீட்டில் ஒயர் கனெக்டர் இருந்தால் பேட்டரியைத் துண்டித்துவிட்டுக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் டாஷில் எச்சரிக்கை விளக்கு எரியும் வாய்ப்பு உண்டு.

மரம் பற்றிச் சுருக்கமாக. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டவே வேண்டாம். தண்ணீர் பட்டால் ஊதும், திருகு பிடிக்காது. பிர்ச் பிளைவுட் நல்லது, ஆனால் 18 மில்லிமீட்டர் எடுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 12 கிலோ வரும். அடியில் சட்டம் இருந்தால் 12 மில்லிமீட்டர் போதும், 8 கிலோதான். அலுமினியம் என்றால் தானாகவே லேசு என்று நினைப்பதும் தவறு. 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடும் சதுர மீட்டருக்கு அதே 8 கிலோதான். வெட்டிய விளிம்புகளுக்கும் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடிக்க மறந்துவிடுகிறோம், ஈரம் ஏறுவது அங்கேதான். மரம் உலோகத்தைத் தொடும் இடமெல்லாம் ஃபெல்ட்டோ ரப்பரோ ஒட்டுங்கள். ஒட்டாமல் மண்சாலையில் போனால் பழைய கட்டில் மாதிரி கிரீச் கிரீச் என்று பாடிக்கொண்டே வரும்.

வாங்குபவர்கள் அதிகம் தவறுவது மாடலில். டகோமாவில் 2005 முதல் 2015 வரை ஒரு தலைமுறை, 2016 முதல் 2023 வரை இன்னொன்று, 2024-இல் அடுத்தது. பின்கதவு சிறியதாக இருக்கும் அக்சஸ் கேப் வேறு, டபுள் கேப் வேறு. "டகோமாவுக்கு" என்று மட்டும் போட்டிருப்பதைப் பார்த்து ஆர்டர் செய்யாதீர்கள். சீட் 60/40 என்று இரண்டு துண்டாகப் பிரிந்திருந்தால் ஒரு பக்கத்துக்கு மட்டும் தட்டு கிடைக்கிறது. நாய் ஒரு பக்கம், எப்போதாவது வரும் மாமனார் ஒரு பக்கம் என்று பாதியோடு நிறுத்திக்கொள்வது பல வீடுகளுக்குச் சரியாக இருக்கும்.

சட்டம்: பாதுகாப்புக் கருவிகளைச் செயலிழக்கச் செய்யக் கூடாது என்ற அமெரிக்கக் கூட்டாட்சித் தடை தயாரிப்பாளர், டீலர், பழுதுபார்க்கும் கடை போன்றோருக்கானது. வண்டிக்காரர் தன் கையால் செய்வது அதில் வராது. பட்டறையில் பின்சீட்டைக் கழற்றச் சொன்னால் சிலர் தயங்குவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். மாநில விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், இன்ஷூரன்ஸுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இந்தியாவில் ஹைலக்ஸ், வி-கிராஸ் மாதிரி பிக்கப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுக்க வேண்டாம். அங்கே வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிய 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இருக்கிறது, ஆர்சியில் இருக்கை எண்ணிக்கையும் எழுதியிருக்கிறது. முதலில் ஆர்டிஓவில் கேட்க வேண்டும்.

கழற்றிய சீட்டை எங்கே வைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. வண்டியை விற்கும்போது அது வேண்டும். அதன் போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, எது எந்தத் துளை என்று எழுதி, சீட்டோடே கட்டிவையுங்கள். திரும்பப் போடும்போது கைக்கணக்கில் முறுக்காமல், சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். என் சீட்டு கராஜில் பழைய பெட்ஷீட் போர்த்தி நின்றது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அடியில் பஞ்சைப் பிய்த்து ஓர் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. இப்போது கெட்டி பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சுவரில் உயரத்தில் மாட்டியிருக்கிறேன்.