இசட் டிரைவ் உங்கள் லேப்டாப்பில் இல்லை

ஒவ்வொரு ஜூலையிலும் புது பேட்ச் கொடைக்கானலுக்கு ஏறி வந்ததும் எங்கள் லேபில் கூத்து ஆரம்பித்துவிடும். வத்தலகுண்டு, பெரியகுளம் பக்கத்துப் பிள்ளைகள் சொந்த லேப்டாப்பைக் கல்லூரி சர்வரில் இருக்கும் பொது டிரைவோடு (இணைத்ததும் லேப்டாப்பில் இசட் டிரைவ் என்று தெரிவது) இணைக்க உட்காருவார்கள். அந்தக் காலத்தில் நான் செய்த குளறுபடிகளை வரிசைகூட மாறாமல் செய்வார்கள். கேப்ஸ் லாக், கழன்று கிடக்கும் கேபிள் எல்லாம் இங்கே வேண்டாம். அவை ஐந்து நிமிடத்தில் தானாகத் தெரிந்துவிடும்.

கெஸ்ட் வைஃபையில் இருந்துகொண்டு சர்வரைத் தேடுவது

கிடைக்காது. உங்கள் பெயரில் லாகின் கேட்கும் நெட்வொர்க்குக்கு மாறுங்கள்.

பாஸ்வேர்டை விடாமல் அடிப்பது

விண்டோஸ் முதலில் உங்கள் லேப்டாப்பின் பயனர் பெயரைத்தான் சர்வருக்கு அனுப்பிப் பார்க்கும். சர்வருக்கு அந்தப் பெயர் யாரென்றே தெரியாது. 'மேப் நெட்வொர்க் டிரைவ்' பெட்டியின் அடியில், வேறு கணக்கில் இணைவதற்கு ஒரு டிக் கட்டம் இருக்கிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை. அதை டிக் செய்து, கல்லூரியின் டொமைன் பெயர் (கல்லூரி நெட்வொர்க்குக்கு வைத்திருக்கும் பெயர்), ஒரு பின்சாய்வுக் கோடு, அப்புறம் உங்கள் ஐடி என்று கொடுங்கள். பல இடங்களில் சில முறை தவறினாலே கணக்கு பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் திறக்காது.

1219 என்று பிழை வந்தால், அதே சர்வரில் ஏற்கெனவே வேறொரு பெயரில் இணைந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

லேப்டாப்பில் இடம் இல்லையென்று இசட் டிரைவைக் காலி செய்வது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும்.

தாவரவியல் மாணவி ஒருத்தி. லேப்டாப்பில் 256 ஜிபிதான், நிரம்பி வழிந்தது. 'திஸ் பிசி'யைத் திறந்தால் சி டிரைவின் பட்டை சிவப்பு, கீழே இசட் டிரைவின் பட்டையும் சிவப்பு. அந்த இரண்டாவது பட்டை காட்டுவது சர்வரின் கொள்ளளவை. அவளோ இரண்டுமே தன் வட்டு என்று எடுத்துக்கொண்டாள். உள்ளே போய்ப் பழைய வருடங்களின் ஃபோல்டர்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து டெலீட்டை அழுத்தினாள். நிரந்தரமாக நீக்கட்டுமா என்று விண்டோஸ் கேட்டது. ஆமாம் என்றாள்.

நெட்வொர்க் டிரைவில் அழித்த ஃபைல் உங்கள் லேப்டாப்பின் ரீசைக்கிள் பின்னுக்கு வராது, நேராகப் போய்விடும். இங்கே மட்டும் 'நிரந்தரமாக நீக்கட்டுமா' என்று விண்டோஸ் கேட்பது அதனால்தான். யார் படிக்கிறார்கள்?

போனவற்றில் ஒன்று, 2018-இல் இந்த மலையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது அப்போதைய மாணவர்கள் எடுத்த படங்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் செடி. மறுபடி எடுக்க வேண்டுமென்றால் 2030 வரை பொறுக்க வேண்டும்.

அழித்ததைக்கூட மன்னித்துவிடலாம். அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. வெள்ளிக்கிழமை மாலையே ஃபைல்கள் இல்லையென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பயத்தில் யாரிடமும் சொல்லாமல், மீட்பு மென்பொருள் ஒன்றை இறக்கி ராத்திரி முழுக்க ஓட்டியிருக்கிறாள். அந்த மாதிரி மென்பொருள் வட்டை நேரடியாகப் படிக்க வேண்டும். நெட்வொர்க் வழியாக சர்வரின் வட்டுக்குள் அது இறங்க முடியாது. அதே ராத்திரி சர்வரின் பேக்கப் தன் வேலையைச் செய்தது. எங்கள் பேக்கப், மூலத்தில் இருப்பதை அப்படியே இன்னொரு வட்டில் பிரதியெடுக்கும் வகை. மூலத்தில் இல்லாததைப் பிரதியிலிருந்தும் நீக்கிவிடும். திங்கட்கிழமை காலை என்னிடம் வந்து, "லேப்டாப் ஃபுல்லாயிடுச்சு சார், அதான் பழசையெல்லாம் அழிச்சேன்" என்றபோது இரண்டு வட்டும் சுத்தம். வெள்ளிக்கிழமை ஒரு போன் போட்டிருந்தால் அந்த பேக்கப்பை நிறுத்தி வைத்திருக்கலாம். ஆசிரியர் ஒருவரின் பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து கொஞ்சம் படங்கள் கிடைத்தன. அவ்வளவுதான்.

அவளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். படிக்க மட்டும் அனுமதி தந்தால் போதுமான இடத்தில், அழிக்கவும் எல்லோருக்கும் அனுமதி தந்து வைத்திருந்தது துறை. இணைத்த அன்றே உங்களுக்கு எந்தெந்த ஃபோல்டரில் எழுதும் அனுமதி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேவையில்லாத இடத்தில் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

தப்பித்தவறி அழித்துவிட்டால் உடனே சொல்லுங்கள். நடுவே ஒன்று செய்து பார்க்கலாம்: மேல் ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், 'ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்'. சர்வரில் அந்த வசதியை இயக்கி வைத்திருந்தால் முந்தைய நாளின் நிலை அங்கே இருக்கும். எங்களிடம் அப்போது இல்லை, இப்போது இருக்கிறது.

கை தவறி இழுப்பது

டச்பேடில் நடக்கும் விபத்து. ஒரே டிரைவுக்குள் ஒரு ஃபோல்டரை இன்னொன்றின் மேல் இழுத்துவிட்டால் அது பிரதி ஆகாது, இடம் பெயர்ந்துவிடும். மறுநாள் துறையே 'காணவில்லை' என்று கத்தும். கன்ட்ரோல் இசட் போட்டால் திரும்பிவிடும், அதுவும் நடந்தது உங்களுக்குத் தெரிந்தால்.

பெரிய ஃபைலை டிரைவிலேயே வைத்து வேலை பார்ப்பது

இங்கே மழைக்காலத்தில் கற்பூர மரம் ஒன்று கம்பியில் சாய்ந்தால் போதும், கரண்ட் போய் வைஃபையும் போகும். உங்கள் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், பாதி சேமித்த ஃபைல் அந்தப் பக்கம் கெட்டுப்போயிருக்கும். வீடியோ, பெரிய எக்செல் என்றால் டெஸ்க்டாப்புக்கு எடுத்துவந்து முடித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பெயரோடு தேதியையும் சேர்த்துவிடுங்கள், அடுத்தவர் வேலையின் மேல் எழுதிவிடாமல் இருக்க.

வீடியோ பார்த்து எஸ்எம்பி 1-ஐ இயக்குவது

வேண்டவே வேண்டாம். எஸ்எம்பி 1 என்பது நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் பழைய முறை. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாக்ரை உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பழைய முறையின் ஓட்டை வழியாகத்தான். அந்த வருடக் கடைசியில் விண்டோஸ் 10-இலிருந்து மைக்ரோசாஃப்டே அதைப் படிப்படியாக நீக்கத் தொடங்கியது. அது இல்லாமல் டிரைவ் திறக்கவில்லை என்றால் சர்வர் பார்ப்பவரிடம் போங்கள்.

லேப் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டை நினைவில் வைக்கச் சொல்வது

எல்லோரும் ஒரே கணக்கில் உட்காரும் கம்ப்யூட்டர் என்றால், அடுத்து வருபவர் உங்கள் பெயரில் உள்ளே போவார். ஏற்கெனவே செய்திருந்தால் கன்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' திறந்து சர்வர் பெயரை நீக்குங்கள்.

மேக்கில் பின்சாய்வுக் கோடு போடுவது

ஃபைண்டரில் கமாண்ட் கே. எஸ்எம்பி, முக்காற்புள்ளி, முன்சாய்வுக் கோடு இரண்டு, சர்வர் பெயர்.

பூம்பாறையில் வீட்டிலிருந்து திறக்கப் பார்ப்பது

வளாகத்துக்கு வெளியே விபிஎன் (வெளியிலிருந்து கல்லூரி நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) இல்லாமல் திறக்காது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், துறைத் தலைவர் கையெழுத்தோடு. விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்புகிற அன்று கேட்காதீர்கள்.