இரண்டு ஐசோடோப்புகளை ஒப்பிடுவது எப்படி? மனப்பாடம் வேண்டாம்

‘ஐசோடோப்புகளின் ஒற்றுமை, வேற்றுமைகளை எழுதுக’ என்று கேள்வி வந்தால் பலர் அட்டவணையை உருப்போட ஆரம்பித்துவிடுகிறார்கள். தேவையே இல்லை. ஐசோடோப்புகள் என்பவை ஒரே தனிமத்தின் நிறை வேறான அணுக்கள், அவ்வளவுதான். குளோரின்-35, குளோரின்-37 என்று எழுதும்போதே பாதி விடை வந்துவிடுகிறது. பெயர் ஒன்று, எண் வேறு. எனவே பெயரோடு போவது எது, எண்ணோடு போவது எது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு கழித்தல். பெயருக்குப் பின்னால் வரும் எண்தான் நிறை எண், அதாவது அணுக்கருவில் உள்ள புரோட்டான், நியூட்ரான் இரண்டின் கூட்டுத்தொகை. குளோரினின் அணு எண் 17, அதாவது 17 புரோட்டான். 35-இல் 17 போனால் 18 நியூட்ரான், 37-இல் 17 போனால் 20. எலக்ட்ரான் இரண்டிலும் அதே 17, அடுக்கும் அதே 2, 8, 7. கடைசிக் கூட்டில் ஏழு இருப்பதால் இரண்டுமே இன்னும் ஒரு எலக்ட்ரானுக்கு அலைகின்றன, இரண்டுமே சோடியத்தோடு சேர்ந்தால் உப்பு. உங்கள் வீட்டு உப்பு ஜாடியில் இரண்டும் கலந்துதான் கிடக்கின்றன. இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: எலக்ட்ரான் எண்ணிக்கை மாறினால் அது அயனி, நியூட்ரான் மாறினால்தான் ஐசோடோப்பு, புரோட்டான் மாறினால் தனிமமே வேறு.

1913-இல் ஃபிரெடெரிக் சாடி இந்தப் பெயரை அறிமுகப்படுத்தியபோது கிரேக்கத்தில் ‘ஒரே இடம்’ என்ற பொருளில்தான் வைத்தார், தனிம வரிசை அட்டவணையில் ஒரே கட்டத்தில் உட்காருபவை என்பதால். தமிழில் ‘ஓரிடத்தான்’ என்பதும் அதையேதான் சொல்கிறது (இலங்கைப் பாடநூல்களில் ‘சமதானி’). எனக்கென்னவோ இந்தப் பெயர்கள்தான் பிடித்திருக்கின்றன, ஒற்றுமை என்ன என்று பெயரே சொல்லிவிடுகிறது.

அந்த ஒற்றுமை எவ்வளவு ஆழம் என்று பார்க்க அயோடினை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பில் சேர்ப்பது அயோடின்-127, கதிரியக்கம் இல்லாதது. அயோடின்-131 கதிரியக்கம் உள்ளது, எட்டு நாளில் பாதியாகக் குறைந்துவிடும். தைராய்டு சுரப்பிக்கு இந்த வித்தியாசம் தெரியாது, இரண்டையும் ஒரே மாதிரி இழுத்துக்கொள்ளும். அதனால்தான் 131-ஐ விழுங்கக் கொடுத்துத் தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்ய முடிகிறது.

சரி, எண்ணோடு போவது எது? நிறை, அதனால் அடர்த்தி, கொதிநிலை, உறைநிலை போன்றவை, அப்புறம் அணுக்கரு நிலைக்குமா சிதையுமா என்பது. எவ்வளவு மாறும் என்று தெரிய இரண்டு நிறை எண்களையும் வகுத்துப் பாருங்கள். யுரேனியம் 238-க்கும் 235-க்கும் வித்தியாசம் 1.3 விழுக்காடுதான், அதைப் பிரித்தெடுக்க நாடுகள் படும் பாடு ஊரறிந்தது. குளோரினில் ஆறு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. ஹைட்ரஜனிலோ 1-க்கு 2, நேர் இரட்டிப்பு! 1931-இல் ஹெரால்ட் யூரி கண்டுபிடித்த டியூட்டீரியம் அது. தண்ணீரில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் இது இருந்தால் அது கனநீர், அந்தக் கனநீர் 3.8 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும், கொதிக்க 101.4 வேண்டும், அதன் பனிக்கட்டியைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் மிதக்காது, மூழ்கும். வேதிவினைகளும் அதே வகைதான் என்றாலும் வேகம் கொஞ்சம் குறையும், ஆகவே ‘வேதிப்பண்பு ஒன்றே’ என்ற பாடநூல் வரியை ஹைட்ரஜனுக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்திப் படியுங்கள். அணுக்கருவில் வித்தியாசம் இன்னும் பெரிது: உலையில் யுரேனியத்தைப் பிளக்க வேண்டிய நியூட்ரான்களைச் சாதாரண ஹைட்ரஜன் விழுங்கும், டியூட்டீரியம் பெரும்பாலும் வேகத்தை மட்டும் குறைத்து விட்டுவிடும். கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலைய உலைகள் செறிவூட்டாத (235-இன் பங்கைக் கூட்டாத) யுரேனியத்தை வைத்தே ஓடுவதற்கு இந்தக் கனநீர்தான் காரணம், தூத்துக்குடியில் கனநீர் ஆலை கட்டியதும் இதற்காகத்தான்.

ஐசோடோப்பு என்றாலே கதிரியக்கம் என்று நினைப்பது இன்னொரு தப்பு. கார்பன்-12, 13 இரண்டும் சிதையாது, 14 மட்டும் 5730 ஆண்டில் பாதியாகும். அந்தச் சிதைவை வைத்துத்தான் கீழடிக் கரித்துண்டுகளுக்கு வயது சொன்னார்கள். எது சிதையும் என்பதைக் கழித்தலில் கண்டுபிடிக்க முடியாது, பட்டியலைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

கடைசியாகத் தனிம வரிசை அட்டவணையில் வரும் தசம எண், அதாவது சராசரி அணு நிறை. இயற்கைக் குளோரினில் 35 ஏறக்குறைய மூன்று பங்கு, 37 ஒரு பங்கு. மூன்று 35-ஐயும் ஒரு 37-ஐயும் கூட்டினால் 142, நான்கால் வகுத்தால் 35.5. இதையே தாமிரத்துக்குத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ஐசோடோப்புகள் 63, 65, சராசரி 63.55. எது அதிகம்? சராசரி எதன் பக்கம் சாய்கிறதோ அது, அதாவது 63. எத்தனை விழுக்காடு என்று கணக்குப் போட்டால் 72.5 வரும், உண்மையில் 69 சொச்சம். தப்பு உங்கள் மீது இல்லை. தாமிரம்-63 அணுவின் நிறை சரியாக 63 அல்ல, 62.93. நிறை எண் என்பது துகள்களின் தலை எண்ணிக்கை மட்டும்தான்.